வடசென்னைக் கரையிலிருந்து வால் நட்சத்திரம் பார்ப்பதும் அதன் பாதையை அட்டையில் போடுவதும் எப்படி?

வால் நட்சத்திரம் வருகிறது என்று செய்தி வந்ததும் வாட்ஸப்பில் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "என்னைக்குத் தெரியும்?" கிரகணம் மாதிரி ஒரு தேதி, ஒரு மணி, அதோடு முடிந்தது என்ற நினைப்பு. வெறுங்கண்ணுக்குத் தெரிகிற அளவில் ஒன்று வந்தால் அது நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் வானத்தில் இருக்கும், தினமும் கொஞ்சம் இடம் மாறும், அந்த இடமாற்றத்தில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. ஒரு நாள் பார்த்தால் கிடைப்பது மங்கலாக ஒரு பொட்டு. மூன்று நாள் பார்த்து மூன்று இடத்தைக் குறித்துவிட்டால் அது எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்று சொல்லிவிடலாம். அதனால் மூன்று நாளாவது எழுந்து போகத் தயாராக இருப்பவர்களுக்காக, அதுவும் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு 2024 செப்டம்பர், அக்டோபரில் நம் கண்ணுக்குத் தெரிந்த சுசின்ஷான்-அட்லஸை எடுத்துக்கொள்வோம். அடுத்து எது வந்தாலும் இதே வழிதான், எண்கள் மட்டும் மாறும்.

முதலில் அதைக் கண்டுபிடித்த கதை. 2023 ஜனவரி 9-ஆம் தேதி சீனாவின் பர்ப்பிள் மவுண்டன் ஆய்வகம் எடுத்த படத்தில் அது விழுந்தது, சிறுகோள்களுக்கும் வால் நட்சத்திரங்களுக்கும் உலகக் கணக்கு வைத்திருக்கிற மைனர் பிளானட் சென்டருக்குத் தகவலும் போனது. ஆனால் அதற்கப்புறம் அதை யாரும் தொடர்ந்து அளந்து அனுப்பவில்லை. உறுதி செய்ய வேண்டியவை என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள், அதிலிருந்து ஜனவரி 30 அன்று அதை எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான், காணாமல் போய்விட்டது. பிப்ரவரி 22-ஆம் தேதி, பூமியில் மோதக்கூடிய சிறுகோள்களைத் தேடுவதற்காகத் தென்னாப்பிரிக்காவில் வைத்திருக்கிற அட்லஸ் தொலைநோக்கி அதைத் தனியாகக் கண்டுபிடித்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஜனவரியில் தொலைந்ததும் இதுவும் ஒன்றுதான். பழைய படங்களைத் துழாவினால் 2022 டிசம்பர் 22-ஆம் தேதி கலிஃபோர்னியாவில் எடுத்த படத்திலும் இருந்திருக்கிறது. அப்போதெல்லாம் அது சூரியனிலிருந்து ஏறத்தாழ 110 கோடி கிலோமீட்டர் தள்ளி, வியாழனையும் தாண்டி இருந்தது. பெரிய ஆய்வகமே ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி பார்க்க ஆள் இல்லாததால் கோட்டைவிட்டதைக் கவனியுங்கள், இதே கதை நம்ம ஊரிலும் நடந்திருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

பெயரைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதி விவரம் அதிலேயே கிடைத்துவிடும். இதன் அதிகாரப்பூர்வப் பெயர் சி/2023 ஏ3. முன்னால் 'சி' இருந்தால் நீண்ட காலத்துக்கு ஒரு முறை வருவது, அல்லது ஒரே ஒரு முறை வந்து போவது. 'பி' என்றால் ஹாலி மாதிரி திரும்பத் திரும்ப வருவது. 'டி' என்றால் உடைந்தோ தொலைந்தோ போனது. 'எக்ஸ்' என்றால் பார்த்தார்கள், ஆனால் பாதையைக் கணக்கிட முடியவில்லை. அடுத்து வருஷம். அப்புறம் ஒரு எழுத்து, ஜனவரி முதல் பாதிக்கு ஏ, இரண்டாம் பாதிக்கு பி என்று மாதத்துக்கு இரண்டு. கடைசி எண் அந்தப் பாதி மாதத்தில் எத்தனையாவது என்பது. அட்லஸ் பிப்ரவரியில் பிடித்தும் பெயரில் 'ஏ' இருப்பது ஜனவரி 9-க்கான மரியாதை.

இப்போது வேலைக்கு வருவோம். ஏதாவது வால் நட்சத்திரம் பற்றிச் செய்தி வந்தால், தலைப்பை விட்டுவிட்டு நான்கு எண்களை மட்டும் தேடுங்கள்: சூரியனுக்கு மிக அருகில் வரும் தேதி, அப்போது இருக்கும் தூரம், பூமிக்கு மிக அருகில் வரும் தேதி, பாதையின் சாய்வு. சுசின்ஷான்-அட்லஸுக்கு முதல் தேதி 2024 செப்டம்பர் 27. தூரம் 0.39 வானியல் அலகு, அதாவது சுமார் 5.9 கோடி கிலோமீட்டர். ஒரு வானியல் அலகு என்பது நமக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரம், கிட்டத்தட்ட 15 கோடி கிலோமீட்டர். பூமிக்கு அருகில் வந்தது அக்டோபர் 12, ஏறக்குறைய 7 கோடி கிலோமீட்டரில். சாய்வு 139 டிகிரி. 90-க்கு மேலே போனாலே பூமி சுற்றுகிற திசைக்கு எதிர்த் திசையில் வருகிறது என்று அர்த்தம்.

சூரியனுக்கு அருகில் போகப் போகத்தான் பனி ஆவியாகி, தூசு கிளம்பி, வால் நீளும். ஆனால் அதே நாட்களில் சூரியனின் வெளிச்சத்திலும் அது மூழ்கிப் போகும். அதனால் பெரும்பாலும் நமக்கு இரண்டு ஜன்னல் கிடைக்கும், சூரியனைச் சுற்றும் முன்பு ஒன்று, சுற்றிய பின்பு ஒன்று. சுசின்ஷான்-அட்லஸுக்கு முதல் ஜன்னல் செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் நாட்களில் விடியற்காலைக் கிழக்கு வானம். இரண்டாவது, அக்டோபர் 12-க்கு மேல் சாயங்கால மேற்கு வானம், வெள்ளிக் கிரகத்துக்கும் சுவாதி நட்சத்திரத்துக்கும் நடுவில்.

வடசென்னைக்காரர்களுக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல. கிழக்கு நமக்குச் சொத்து: கடல், எதிரில் ஒரு கட்டடம் கிடையாது. மேற்கு மோசம். மணலிப் பக்கம் சுத்திகரிப்பு ஆலைகளின் தீ, கன்டெய்னர் யார்டு விளக்கு, நெடுஞ்சாலைத் தூசு எல்லாம் சேர்ந்து அடிவானத்தில் ஒரு ஆரஞ்சுப் படலத்தைப் போட்டுவிடும். போதாக்குறைக்கு, 2024-இல் சாயங்கால ஜன்னல் திறந்த கையோடு வடகிழக்குப் பருவமழை வந்தது. அக்டோபர் 15 அன்று கொட்டிய மழையில் புளியந்தோப்பு, வியாசர்பாடிப் பக்கம் முழங்கால் தண்ணீரில் நின்றவர்கள் யாரும் மேற்கே அண்ணாந்து பார்த்திருக்க மாட்டார்கள். 17-ஆம் தேதி பௌர்ணமி வேறு. ஆக, விடியற்காலை ஜன்னல் இருக்கிறதென்றால் "சாயங்காலம் இன்னும் பிரகாசமாக வருமாம்" என்று காத்திருக்காதீர்கள், கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இடம். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் வேண்டாம், விடியற்காலையில்தான் அங்கே ஏலமே சூடுபிடிக்கும், கண்ணைக் கூசுகிற விளக்கு. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகிற கடலோரச் சாலையில் தெருவிளக்குகள் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிற மாதிரி, இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவில் ஒரு இருட்டுத் துண்டைத் தேர்ந்தெடுங்கள். மண்திட்டு இருக்கிற இடத்தில் சாலையை விட்டு இறங்கி உட்கார்ந்துவிட்டால் விளக்கு மறைந்துவிடும். அலை அரிப்புக்காகப் போட்ட கற்களின் மேலேயும் தூண்டில் வளைவின் மேலேயும் இருட்டில் ஏறாதீர்கள், பாசி பிடித்த கல் அது. கன்டெய்னர் லாரிகள் விடிய விடிய ஓடுகிற சாலை என்பதால் வண்டியைச் சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டு வானத்தைப் பார்ப்பதும் கூடாது. தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராகப் போங்கள், ரோந்து போலீஸ் கேட்டால் பைனாகுலரைக் காட்டி விஷயத்தைச் சொன்னால் போதும். இன்னும் நல்ல இருட்டு வேண்டுமென்றால் பழவேற்காடு. அது ஒரு நாள் பயணமாகிவிடும், மூன்று நாள் தொடர்ந்து போக வேண்டிய வேலைக்குப் பக்கத்துக் கரையே மேல்.

கரையில் நின்றால் யாராவது பெரியவர் வந்து "இன்னா நைனா, கடலயே பாத்துனு நிக்கிற?" என்று கேட்பார். சொல்லுங்கள். அவர்களுக்கு அந்த அடிவானம் அத்துப்படி. புதிதாகப் போகிறவர்கள் கடலோடு ஒட்டித் தெரிகிற ஒவ்வொரு புள்ளியையும் நட்சத்திரமா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, "அது போட்டு லைட்டுபா, ஆடுது பாரு" என்று ஒரே பார்வையில் தள்ளிவிடுவார்கள். நங்கூரம் போட்ட கப்பல்களின் விளக்கு ஆடாமல் மஞ்சளாக வரிசையாக நிற்கும், அதையும் முதலிலேயே அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், திசை காட்ட உதவும்.

நேரம். நம் ஊர் வடக்கே 13 டிகிரியில் இருப்பதால் விடியல் வேகமாக நடந்துவிடும். சூரியன் உதிக்க ஒன்றேகால் மணி நேரம் இருக்கும்போது கரையில் இருங்கள், உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலிருந்து அரை மணி முன்னால் வரைதான் உருப்படியான நேரம். அக்டோபர் முதல் வாரத்தில் சென்னையில் உதயம் சுமார் ஆறு மணி என்பதால் ஐந்திலிருந்து ஐந்தரைக்குள் வேலை முடிய வேண்டும். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும், நடுவில் போனைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து. போன் வேண்டுமென்றால் திரையைச் சிவப்பாக மாற்றி வெளிச்சத்தை அடியோடு குறைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு உயரத்தில் தேடுவது? கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி. நடு மூன்று விரல் சேர்ந்தால் 5, சுண்டு விரல் 1. இது குழந்தைக்கும் பெரியவருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே வரும், கை நீளமானவர்களுக்கு முஷ்டியும் பெரிதாக இருக்கும் என்பதால். அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டிக்குக் கீழே இருப்பது எதுவும் கடல் ஈரத்தையும் தூசையும் தாண்டி வர வேண்டும், அதில் ஒன்றிரண்டு ஒளியளவு எண் போய்விடும்.

ஒளியளவு எண் என்றால்? எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும், ஐந்து எண் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு. இந்த அளவுகோலை 1856-இல் இப்படி வரையறுத்த நார்மன் போக்சன் பிறகு 1861-இல் மதராஸ் வான்காணகத்துக்கு வந்து, 1891-இல் சாகும்வரை நுங்கம்பாக்கத்திலேயே வேலை பார்த்தவர். செய்தியில் "ஒளியளவு 3, வெறுங்கண்ணுக்குத் தெரியும்" என்று போட்டால் அப்படியே நம்பாதீர்கள். நட்சத்திரத்துக்கு 3 என்றால் அந்த வெளிச்சம் ஒரே புள்ளியில் இருக்கிறது, வால் நட்சத்திரத்துக்கு 3 என்றால் அதே வெளிச்சம் ஒரு பரப்பில் கரைந்து கிடக்கிறது. எண்ணூர்க் கரையிலிருந்து, என் கணிப்பில், 2 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால்தான் வெறுங்கண்ணில் சந்தேகமில்லாமல் தெரியும். 3, 4 என்றால் பைனாகுலரில் பிடித்துவிட்டு, அப்புறம் அதே இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். நேராக முறைத்துப் பார்க்காமல் பார்வையைக் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தால் மங்கலானவை தெளிவாகும், விழித்திரையின் ஓரத்தில்தான் இருட்டுக்கான செல்கள் அதிகம்.

பைனாகுலர் 7×50 அல்லது 10×50 போதும். முதல் எண் பெருக்கம், இரண்டாவது முன் கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். பாரிமுனை, பர்மா பஜார் பக்கம் வாங்கப் போனால் "நூறு மடங்கு ஜூம்" என்று சொல்வதையும், முன் கண்ணாடி ரத்தச் சிவப்பாக மின்னுவதையும் ஒதுக்கிவிடுங்கள். அந்தச் சிவப்புப் பூச்சு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, நமக்கோ வெளிச்சம்தான் வேண்டும். ஒன்று மட்டும் கண்டிப்பு: கிழக்கே பார்த்துக்கொண்டிருக்கிறோம், சூரியன் வருகிற இடமும் அதுதான். உதயத்துக்குப் பத்து நிமிடம் முன்பே பைனாகுலரை உறையில் போட்டுவிடுங்கள், குழந்தைகள் கூட இருந்தால் இன்னும் முன்னாலேயே.

சரி, பார்த்தாகிவிட்டது. இப்போது குறிக்க வேண்டும். தெரிகிற நட்சத்திரங்களில் இரண்டைத் தேர்ந்தெடுத்து, அந்த இரண்டிலிருந்தும் வால் நட்சத்திரத்தின் தலை எத்தனை விரல், எத்தனை முஷ்டி தள்ளி இருக்கிறது என்று நோட்டில் படம் போடுங்கள். தேதி, நேரம், இடம் எழுதுங்கள். வால் எந்தப் பக்கம் நீள்கிறது என்று ஒரு அம்புக்குறி. வீட்டுக்கு வந்து ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் அந்த நேரத்து வானத்தைத் திறந்து அந்த இடத்தைச் சரிபார்க்கலாம். மறுநாளும் அதே மாதிரி. இரண்டு மூன்று நாளுக்குள் நட்சத்திரங்களுக்கு நடுவில் அது நகர்ந்திருப்பது நோட்டிலேயே தெரியும், பூமிக்கு அருகில் இருக்கும்போது நாளுக்குச் சில டிகிரி கூட நகரும். போனில் படம் எடுப்பதென்றால் முக்காலியில் வைத்து நைட் மோடில் பத்து விநாடி, அவ்வளவுதான் ரகசியம்.

மூன்று ஏன்? ஒரு பாதையை முழுக்கச் சொல்ல ஆறு எண்கள் வேண்டும்: சூரியனுக்கு எவ்வளவு அருகில், எப்போது, வளைவின் வடிவம், சாய்வு, அந்தச் சாய்ந்த தளம் பூமியின் தளத்தை வெட்டுகிற திசை, அந்தத் தளத்துக்குள் வளைவு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. ஒரு முறை வானத்தைப் பார்த்தால் நமக்குக் கிடைப்பது இரண்டே எண்கள், குறுக்கே ஒரு கோணம், உயரத்தில் ஒரு கோணம். தூரம் கிடைக்காது. மூன்று தரம் பார்த்தால் ஆறு. வால் நட்சத்திரத்துக்கு மூன்று பார்வையிலிருந்து சுலபமாகப் பாதை கணக்கிடும் முறையை ஜெர்மன் மருத்துவர் ஓல்பர்ஸ் 1797-இல் வெளியிட்டார். இன்றைக்கு ஃபைண்ட்ஆர்ப் என்ற இலவச மென்பொருள் அந்தக் கணக்கை நொடியில் போட்டுவிடும், ஆனால் அதற்குக் கொடுக்க நல்ல அளவுகள் வேண்டும், விரல் கணக்கு போதாது, படத்திலிருந்து அளந்தது வேண்டும்.

இந்த இடத்தில்தான் போக்சன். 1872 நவம்பர் 27 அன்று ஐரோப்பாவில் விண்கல் மழை கொட்டியது. உடைந்துபோன பீலா வால் நட்சத்திரத்தின் மிச்சம் அது. ஜெர்மனியில் கிளிங்கர்ஃப்யூஸ் என்பவர், பீலா பூமியை உரசிக்கொண்டு போயிருக்கிறது என்றால் இப்போது எதிர்ப்பக்கம், தெற்கு வானத்தில், தெரிய வேண்டும் என்று நினைத்து, அங்கே பார்க்கத் தோதான இடத்தில் இருக்கிற போக்சனுக்கு மதராஸுக்குத் தந்தி அடித்தார். போக்சன் டிசம்பர் முதல் நாட்களில், நட்ட நடு மழைக்காலத்தில், மேக இடுக்கில் தேடி அங்கே நிஜமாகவே ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அடுத்தடுத்து இரண்டு விடியற்காலை பார்த்தார். மூன்றாவது நாள் வானம் மூடிக்கொண்டது. அப்புறம் அதை யாரும் பார்க்கவில்லை. அவர் பார்த்த இடம் பீலாவின் பாதைக்கும் ஒத்துவரவில்லை, ஆகவே அது என்ன, எங்கே போனது என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை. எக்ஸ்/1872 எக்ஸ்1 என்று பட்டியலில் இருக்கிறது, அந்த முதல் 'எக்ஸ்' எதற்கென்று மேலே சொன்னேன். டிசம்பரில் மெட்ராஸ் வானத்தை நம்பி யாராவது வேலை செய்தால் இதுதான் கதி, ஒரு நூற்றாண்டு தாண்டியும் மாறவில்லை.

இனி அட்டை வேலை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதைக் கட்டாயம் செய்யுங்கள், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், முழு விவரமும் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். இரண்டு கெட்டி அட்டை, ஒவ்வொன்றும் 40 சென்டிமீட்டர் சதுரம். 10 சென்டிமீட்டர் என்பது ஒரு வானியல் அலகு.

முதல் அட்டை பூமிக்கு. நடுவில் சூரியன், 10 சென்டிமீட்டர் ஆரத்தில் வட்டம். ஏதாவது ஒரு திசையை சுழியம் என்று வைத்து, செப்டம்பர் 23 என்று எழுதுங்கள். அங்கிருந்து கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் நாளுக்கு ஒரு டிகிரி என்று பூமியை நகர்த்துங்கள், செப்டம்பர் 27, அக்டோபர் 12, அக்டோபர் 14 என்று குறித்துக்கொண்டே போகலாம். 21.6 டிகிரியில் சூரியன் வழியாக ஒரு நேர்கோடு இரண்டு பக்கமும் இழுங்கள். வால் நட்சத்திரத்தின் தளம் நம் தளத்தை வெட்டுகிற கோடு அது.

இரண்டாவது அட்டை வால் நட்சத்திரத்துக்கு. நடுவில் சூரியன். அதன் வளைவு ஏறத்தாழ பரவளையம், அதனால் வாய்ப்பாடு எளிது: அருகில் வரும் தூரத்தை இரண்டால் பெருக்கி, ஒன்றோடு, சூரியனுக்கு மிக அருகில் வரும் இடத்திலிருந்து (இதுதான் அண்மைப் புள்ளி) சூரியனில் வைத்து அளக்கிற கோணத்தின் கொசைனைக் கூட்டி அதனால் வகுக்க வேண்டும். எனக்காகப் போட்டு வைத்ததைத் தருகிறேன். அண்மைப் புள்ளி 3.9 சென்டிமீட்டர். அதிலிருந்து 60 டிகிரியில் 5.2, 90 டிகிரியில் 7.8, 120 டிகிரியில் 15.6. இரண்டு பக்கமும் அதே அளவு, புள்ளிகளைச் சேர்த்தால் வளைவு. ஓட்டம் கடிகார முள் திசையில். ஓட்டத் திசையில் அண்மைப் புள்ளிக்கு 51.5 டிகிரி தாண்டி, சூரியன் வழியாக ஒரு நேர்கோடு.

முதல் அட்டையில் 21.6 டிகிரி பக்கத்து விளிம்பிலிருந்து சூரியன் வரை கோட்டின் மேலேயே வெட்டுங்கள். இரண்டாவதில் எதிர்ப்பக்கத்து விளிம்பிலிருந்து, அதாவது அந்த 51.5 டிகிரி புள்ளிக்கு நேர் எதிரிலிருந்து, சூரியன் வரை. இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று செருகி, வால் நட்சத்திர அட்டையை 41 டிகிரி சாய்த்து, அண்மைப் புள்ளி இருக்கிற பக்கம் கீழே போகிற மாதிரி நிறுத்துங்கள். 180-இலிருந்து 139 போக மிச்சம்தான் இந்த 41.

இப்போது அதைச் சுற்றி வந்து பாருங்கள். அண்மைப் புள்ளி பூமித் தளத்துக்குக் கீழே, தெற்கே இருக்கிறது. அதனால்தான் செப்டம்பரில் தெற்கே இருப்பவர்களுக்கும் நம்மைப் போல வெப்பமண்டலத்தில் இருப்பவர்களுக்கும் விடியற்காலையில் தெரிந்தது, ஐரோப்பாக்காரர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அண்மைப் புள்ளியிலிருந்து 60 டிகிரி போக அதற்கு 13 நாள், அடுத்த 30 டிகிரிக்கு இன்னொரு 14 நாள், அதற்கடுத்த 30 டிகிரிக்கு 43 நாள். சூரியனுக்கு அருகில் அதன் வேகம் விநாடிக்கு 67 கிலோமீட்டர், திருவொற்றியூரில் கிளம்பினால் பத்து விநாடியில் கன்னியாகுமரி. அக்டோபர் 8 வாக்கில் அது கீழிருந்து மேலே தளத்தைத் தாண்டுகிறது, அப்போது நமக்கும் சூரியனுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. அந்த நிலையில் அதன் தூசு சூரிய ஒளியை முன்பக்கமாக, நம்மை நோக்கிச் சிதறடிக்கும், ஜன்னல் வெயிலில் பறக்கிற தூசு மின்னுமே, அதே காரணம். அக்டோபர் 9 வாக்கில் அது வெள்ளிக் கிரகத்துக்கு நிகராக மின்னியது, ஆனால் சூரியனை ஒட்டி இருந்ததால் கரையில் நிற்கிற யாருக்கும் பயனில்லை.

அப்புறம் அட்டையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம், 21.6 டிகிரிக் கோடு. அக்டோபர் 14 அன்று பூமி சரியாக அந்தக் கோட்டின் மேல் நிற்கிறது, அதாவது வால் நட்சத்திரத்தின் தளத்துக்குள்ளேயே. அட்டையின் விளிம்புக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்தால் அட்டை வெறும் கோடாகத் தெரியும் இல்லையா, அந்தத் தளத்தில் சிதறிக் கிடந்த தூசும் அன்றைக்கு நமக்குக் கோடாகத் தெரிந்தது. அதனால்தான் அந்த நாட்களின் படங்களில் சூரியனை நோக்கி நீட்டிக்கொண்டு இன்னொரு ஒல்லியான வால் இருந்தது. வால் என்றால் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் என்று படித்தவர்கள் குழம்பிப் போனார்கள், அட்டை செய்தவர்களுக்குக் குழப்பமே இருந்திருக்காது.

கணிப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. பாதையைத் துல்லியமாகச் சொல்லலாம், பிரகாசத்தைச் சொல்ல முடியாது. 2013-இல் ஐசான் "நூற்றாண்டின் வால் நட்சத்திரம்" என்று கொண்டாடப்பட்டு நவம்பர் 28 அன்று சூரியனைச் சுற்றும்போதே சிதறிப் போனது. சுசின்ஷான்-அட்லஸ் உடைந்துவிடும் என்று 2024 ஜூலையில் செகனினா என்ற பழுத்த ஆய்வாளரே எழுதினார், அது உடையாமல் வந்து நின்றது. அது போன கையோடு அக்டோபர் 28 அன்று வர வேண்டிய சி/2024 எஸ்1 சூரியனிடம் போய்க் கரைந்தது. எனவே விடுப்பு எல்லாம் போட்டு வைக்க வேண்டாம், அலாரம் மட்டும் வையுங்கள்.

நீங்களே புதிதாக ஒன்றைப் பார்த்துவிட்டதாகத் தோன்றினால்? முதலில் வடசென்னைக்கே உரிய சந்தேகம்: ஸ்ரீஹரிகோட்டாவில் அன்றைக்கு ராக்கெட் விட்டார்களா? அந்திப் பொழுதிலோ விடியலிலோ ஏவினால் அதன் புகை உயரத்தில் வெயில் பட்டு, தலை, வால் எல்லாம் வைத்து அசல் வால் நட்சத்திரம் மாதிரியே மொட்டை மாடியிலிருந்து தெரியும், சில நிமிடத்தில் கலைந்துவிடும். விமானப் புகையும் அப்படித்தான். அடுத்து, எப்போதும் அதே இடத்தில் இருக்கிற மங்கல் பொட்டுகள்: கடக ராசியில் இருக்கிற தேன்கூட்டுக் கொத்து, ஆண்ட்ரோமீடா, ஏப்ரல் மே மாதங்களில் தெற்கே தாழ்வாகத் தெரிகிற ஒமேகா சென்டாரி. 18-ஆம் நூற்றாண்டில் சார்லஸ் மெஸ்ஸியே தன் புகழ்பெற்ற பட்டியலைப் போட்டதே, வால் நட்சத்திரம் தேடும்போது இவற்றைப் பார்த்து ஏமாறாமல் இருக்கத்தான். அதெல்லாம் இல்லையென்றால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள், மறுநாள் பாருங்கள், நகர்ந்திருந்தால் மைனர் பிளானட் சென்டரின் தளத்தில் அந்த இடத்தில் ஏற்கெனவே தெரிந்தது ஏதாவது இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு, அளந்த இடங்களை அவர்கள் கேட்கிற வடிவத்தில் அனுப்புங்கள். சென்னையில் பிறந்த வைணு பாப்பு 1949-இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது கண்டுபிடித்த பாப்பு-பாக்-நியூகர்க் வால் நட்சத்திரத்தில் நம்மவர் பெயர் இருக்கிறது, ஜவ்வாது மலைக் காவலூரில் இருக்கிற வான்காணகம் அவர் பெயரில்தான் இயங்குகிறது.

மழைக்காலத்தில் கரைக்குப் போக முடியாவிட்டால் வீட்டிலிருந்தே செய்யலாம். 1995 டிசம்பரில் அனுப்பிய சோஹோ விண்கலம் சூரியனைச் சுற்றி உள்ள பகுதியை ஓயாமல் படம் எடுக்கிறது, படங்கள் இணையத்தில் எல்லாருக்கும் திறந்தே இருக்கின்றன. சன்கிரேசர் என்ற நாசா திட்டத்தில் பதிவு செய்துகொண்டு அந்தப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிப் பார்த்து, சீராக நகர்கிற புள்ளி இருந்தால் தெரிவிக்க வேண்டியதுதான். 2024 மார்ச்சில் அதில் 5,000-ஆவது வால் நட்சத்திரம் பதிவானது, பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்தவர்கள் உங்களையும் என்னையும் போலப் பொழுதுபோக்காகப் பார்த்தவர்கள். இங்கேயும் ஒரே படத்தில் தெரிந்த புள்ளியை வாங்க மாட்டார்கள், தொடர்ந்து பல படங்களில் அதன் இடத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். பழகிக்கொள்ள, 2024 அக்டோபர் 7 முதல் 11 வரையிலான படங்களை எடுத்து ஓட்டிப் பாருங்கள், சுசின்ஷான்-அட்லஸ் வாலோடு குறுக்கே போவது நன்றாகத் தெரியும், அதிலிருந்து மூன்று இடங்களைக் குறித்து அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.